யாரிடம் படிக்கப் போகிறாய்?

(நூற்றாண்டு விழாவின்போது உயர்தர மாணவிகளுக்கும் பழைய மாணவிகளுக்குமாக நடந்த உயர்கல்வி அமர்வில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத்துறைக்குப் போன மூவரின் சார்பில் இந்த உரை. மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் சொல்லப்போகிற பிழை மூவருக்கும் பொது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையில் எங்களுக்குப் பின் படித்த ஒரு தங்கை எழுதினாள். உளவியலில் முதற்பட்டம் முடித்திருந்தாள். அமெரிக்காவில் மருத்துவ உளவியலில் கலாநிதிப் படிப்புக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஒன்று எல்லோரும் பெயர் அறிந்த பல்கலைக்கழகம். மற்றது நாங்கள் கேள்விப்படாத சிறிய இடம். "அக்கா, எதை எடுக்கட்டும்?" என்று கேட்டிருந்தாள். நாங்கள் மூவரும் வட்ஸ்அப்பில் அரை மணித்தியாலம் கூடப் பேசவில்லை. பெரிய பெயருள்ள இடத்துக்குப் போ என்று எழுதிவிட்டோம்.

அவள் படிக்க விரும்பியது தங்களைத் தாங்களே வருத்திக்கொள்ளும் பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றி. அந்தச் சிறிய இடத்தில் அதையே ஆய்வாகச் செய்யும் பேராசிரியை ஒருவர் இருந்தார். பெரிய இடத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டவர் முதியோரின் ஞாபகசக்தியை அளவிடும் சோதனைகளில் நிபுணர். நல்ல மனிதர்தான், ஆனால் அவருடைய கேள்வி இவளுடையது அல்ல. இரண்டரை வருடங்களுக்குப் பிறகு அதை விட்டுவிட்டு வேறோர் இடத்தில் முதலிலிருந்து தொடங்கினாள். எங்களைக் குறை சொல்லவில்லை. அவளுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று பிறகு யோசித்தோம். வைத்தியபீடத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே விரிவுரை, ஒரே வாட், ஒரே இறுதிப் பரீட்சை. எந்தப் பேராசிரியர் எதில் ஆர்வமுள்ளவர் என்பது எங்கள் பட்டத்தை மாற்றாது. கலாநிதிப் படிப்பையும் அப்படியே எண்ணிவிட்டோம். அது அப்படியல்ல. மருத்துவ உளவியல் கலாநிதித் திட்டங்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையினரையே எடுப்பார்கள். ஒவ்வொருவரையும் ஒரு பேராசிரியர் தன் ஆய்வுகூடத்துக்கென்று எடுப்பார். ஐந்தாறு வருடம் அவருடைய கேள்விக்குள்தான் வாழ்க்கை. பட்டறையில் ஆசாரியிடம் தொழில் பழகுவது போல. எனவே பல்கலைக்கழகத்தின் வாசலைப் பார்ப்பதற்கு முன் விரிவுரையாளர் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

அம்மாமார் அடிக்கடி கேட்கும் கேள்விக்கும் ஒரு வார்த்தை. உளமருத்துவர் என்பவர் எங்களைப்போல் வைத்தியப் படிப்பு முடித்து, பிறகு மனநோயில் விசேட பயிற்சி பெற்றவர். மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் உளவியலில் பயின்று, சோதித்து அறியவும் பேச்சினூடாகவும் பயிற்சியினூடாகவும் சிகிச்சை செய்யவும் பழகியவர். பெரும்பாலான நாடுகளில் அவர் மருந்து எழுதுவதில்லை. வைத்தியத்துக்கு இசட் புள்ளி போதாதவர்கள் போகும் இடம் என்று யாரும் நினைத்தால், அந்தத் திட்டங்களுக்கு விண்ணப்பித்துப் பார்க்கட்டும்.

இந்தத் துறை தொடங்கியதே ஒரு ரீச்சரால்தான். 1896இல் பிலடெல்பியாவில் மார்கரெட் மக்வயர் என்ற ஆசிரியை, தன் வகுப்பில் எழுத்துக்கூட்ட மிகவும் சிரமப்பட்ட பதினான்கு வயதுப் பையனைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைற்னர் விற்மரிடம் கூட்டிக்கொண்டு போனார். மனதைப் பற்றி இவ்வளவு படித்திருக்கிறீர்களே, இந்தப் பிள்ளைக்கு உதவ முடியாதா என்பதுதான் விடயம். விற்மர் பரிசோதித்ததில் பையனின் கண்பார்வையிலேயே குறை இருந்தது. கண்ணாடி போட்டு, தனியாகப் பயிற்சியும் கொடுத்தார்கள். அதே வருடம் அங்கே உலகின் முதலாவது உளவியல் கிளினிக் தொடங்கியது. எங்கள் ஆசிரியர்களில் எத்தனை பேர் பின்வாங்கில் இருந்த பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள் என்று இங்கே கை உயர்த்தச் சொன்னால் மண்டபம் கொள்ளாது.

பயிற்சி முறை பின்னர்தான் ஒழுங்காகியது. 1949இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருங்கே பயில வேண்டும் என்றது. 1973இல் வெயில் நகர மாநாடு, சிகிச்சையை முதன்மையாக்கும் சை.டி. என்ற பட்டத்துக்கும் இடம் கொடுத்தது. தங்கைமார் கவனிக்க வேண்டியது இதுதான்: ஆய்வை முன்வைக்கும் பி.எச்.டி. திட்டங்களில் பெரும்பாலும் கட்டணம் விலக்கப்பட்டு உதவித்தொகையும் கிடைக்கும். சை.டி. படிப்பில் பெரும்பாலும் மாணவரே செலவைச் சுமக்க வேண்டும். வீட்டில் காணி விற்கும் பேச்சு வருவதற்கு முன் இதை விசாரியுங்கள்.

ஒரு பட்டியலை எப்படி வாசிப்பது என்று காட்ட, எங்கள் தங்கையிடம் மன்னிப்புக் கேட்ட பிறகு நாங்கள் உட்கார்ந்து படித்த ஒரு துறையைச் சொல்கிறோம். சியற்றில் நகரிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகம், 1980களிலும் 1990களிலும் இருந்தபடி. அந்தத் தலைமுறையினரில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றோ இறந்தோ விட்டார்கள். எனவே இதை விளம்பரமாக எடுக்க வேண்டாம்.

முதலில் மார்ஷா லினஹன். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே தற்கொலை நடத்தை என்றும் போடர்லைன் ஆளுமைக் குறைபாடு என்றும் இருந்திருக்கும். அந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது 2011 வரை வெளியே தெரியாது. 1961இல், பதினேழு வயதில், அவரே ஹாட்போட் நகரின் மனநல வைத்தியசாலை ஒன்றில் அனுமதிக்கப்பட்டு இரண்டு வருடங்களுக்கு மேல் இருந்திருக்கிறார். தன்னைத் தானே வருத்திக்கொண்ட பிள்ளை. வெளியே வந்து, பகலில் எழுதுவினைஞர் வேலை செய்து, சிக்காகோவில் இரவு வகுப்பில் படித்து, 1971இல் கலாநிதியானார். 2011இல் அதே வைத்தியசாலைக்குத் திரும்பிப் போய், கூடியிருந்தோர் முன் அந்தக் கதையைச் சொன்னார்.

அவருடைய கண்டுபிடிப்பு இப்படி வந்தது. வழக்கமான நடத்தைச் சிகிச்சையில் 'இதை மாற்று, அதை மாற்று' என்றபோது, ஏற்கெனவே நொந்த பெண்கள் தங்களைக் குற்றம் சொல்வதாக எண்ணி எழுந்து போனார்கள். 'உன் வேதனை எங்களுக்கு விளங்குகிறது' என்று மட்டும் சொன்னபோது ஒன்றும் மாறவில்லை. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் முறையே டி.பி.ரி. எனப்படும் சிகிச்சை. தனிச் சந்திப்பு, குழுவாகத் திறன் பழகும் வகுப்பு, நெருக்கடி நேரத்தில் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைக்கும் வழி, சிகிச்சையாளர்களே தங்களுக்குள் கூடிப் பேசும் குழு என்று நான்கு கால்கள் அதற்கு. முதலாவது பரிசோதனை 1991இல் வெளிவந்தது, நூல் 1993இல்.

இதைப் படித்தபோது எங்களுக்கு உள்ளகப் பயிற்சிக் காலம் நினைவுக்கு வந்தது. இந்த நாட்டில் தற்கொலை வீதம் 1995 அளவில் உச்சத்தில் இருந்தது. ஆபத்தான பூச்சிநாசினிகளைத் தடைசெய்ததால் அது பெருமளவு குறைந்தது. நாங்கள் வாட்டுக்கு வந்தபோதும் இரவுகளில் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், பலர் இந்த மண்டபத்தில் இருக்கும் தங்கைமாரின் வயதில். நாடித்துடிப்பைப் பார்த்தோம், சேலைன் ஏற்றினோம், இரத்தப் பரிசோதனை முடிவு சீரானதும் வீட்டுக்கு அனுப்பினோம். 'ஏனம்மா?' என்று கதிரை இழுத்துப்போட்டு இருந்து கேட்க நேரமும் இல்லை, கேட்கத் தெரியவும் இல்லை. சிலர் திரும்பவும் வந்தார்கள். ஒருத்தியை நாங்கள் மூவரும் இன்றும் பெயர் சொல்லாமல் நினைத்துக்கொள்கிறோம்.

அதே துறையில் நீல் ஜேக்கப்சன் இருந்தார். சந்தேகப் பிராணி. மனச்சோர்வுக்கு ஆரன் பெக்கின் அறிகைச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது, சரி, ஆனால் அதில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று கேட்டார். சிகிச்சையைத் துண்டுதுண்டாகப் பிரித்துச் சோதித்தார். 1996இல் வந்த முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை: எண்ணங்களை ஆராயாமல், விட்டுப்போன செயல்களை நோயாளர் படிப்படியாகத் திரும்பச் செய்யவைக்கும் முதற்பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு இணையாக நின்றது. 1999இல், ஐம்பது வயதில் அவர் காலமானார். அங்கு படித்த சோனா டிமிட்ஜியன் முதலானோர் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், உளவியல் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் இதே முறையைக் கொண்டு மனச்சோர்வுக்கு உதவ முடியும் என்று 2017இல் லான்செற் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. ஒருவரின் சந்தேகம் சியற்றிலிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டுக்கே வந்துவிட்டது. எங்களைப் போன்ற இடங்களுக்கு இதுவே மிகவும் பயன்படும் வேலை என்பது எங்கள் அபிப்பிராயம்.

அலன் மார்லற் குடியைப் படித்தவர். பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு மதுச்சாலையை அமைத்து வைத்திருந்தார். வோட்கா கலந்திருக்கிறது என்று சொல்லி வெறும் ரொனிக் கொடுத்தாலும், குடிப்பழக்கம் உள்ளவர்கள் அதிகம் குடிப்பார்கள் என்று காட்டினார். அவருடைய இன்னொரு கருத்து எங்கள் ஊருக்கென்றே சொன்னது மாதிரி. திருவிழாவுக்கு விரதம் இருந்து குடியை விட்ட மாமா, கலியாண வீட்டில் ஒரு கிளாஸ் எடுக்கிறார். எல்லாம் போச்சு என்று அன்றிரவே முழுப் போத்தலுக்குப் போகிறார். கால் சறுக்கியது வேறு, விழுந்தது வேறு, அந்த இடைவெளியில்தான் உதவி செய்ய வேண்டும் என்றார் மார்லற். வீட்டில் நாங்கள் செய்வது என்ன? சறுக்கிய அன்றே ஊரைக் கூட்டுவது.

வலைப்பந்தாட்ட அணியில் இருக்கும் பிள்ளைகளுக்கு ரொனால்ட் ஸ்மித்தையும் பிராங்க் ஸ்மோலையும் சொல்ல வேண்டும். சிறுவர் பேஸ்போல் பயிற்றுநர்களுக்கு, பிழை விட்ட பிள்ளையை ஏசாமல் ஊக்கப்படுத்தித் திருத்தப் பழக்கினார்கள். 1992இல் வெளிவந்த ஆய்வின்படி, அந்தப் பயிற்சி பெறாதவர்களிடம் விளையாடிய பிள்ளைகளில் 26 வீதமானோர் அடுத்த பருவத்துக்குத் திரும்பவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் அது 5 வீதம்தான்.

அனா மாரி கோசேயும் அங்கேதான் இருந்தார். கியூபாவில் பிறந்து, சிறு பிள்ளையாக அமெரிக்காவுக்கு வந்தவர். வீடற்ற இளையோரையும் சிறுபான்மைக் குடும்பங்களையும் ஆய்ந்தார். 2015இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

ஒரே துறை, ஒரே பட்டம். ஆனால் லினஹனிடம் போன மாணவியும் ஸ்மித்திடம் போன மாணவியும் வெளியே வரும்போது ஒரே வேலை தெரிந்தவர்களாக வரமாட்டார்கள். எங்களுக்கு அன்று விளங்காமல் போனது இது.

ஆகவே, தங்கைமாரே, பட்டியலைத் திறந்தால் பெயருக்கு நேரே இருக்கும் இரண்டு வரியோடு நிற்காதீர்கள். அவருடைய அண்மைய மூன்று கட்டுரைகளையாவது வாசியுங்கள். வாசிக்கும்போது நித்திரை வந்தால் அதுவும் ஒரு தகவல்தான். அடுத்த ஆண்டு புதிய மாணவரை எடுக்கிறாரா என்று பாருங்கள். ஓய்வுபெறப் போகிறவராக இருக்கலாம். அவரிடம் இப்போது படிக்கிற மாணவரிடம் தனியாகக் கேளுங்கள், பேராசிரியரை அல்ல. முன்பு படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அந்தத் துறையில் உங்கள் ஆளைத் தவிர உங்கள் விடயம் தெரிந்த இன்னொருவராவது இருப்பது நல்லது. ஜேக்கப்சனைப் போல ஒருவர் திடீரென்று போய்விட்டால் மாணவர் நடுத்தெருவில் நிற்கக்கூடாது.

உங்கள் கேள்வி எது என்று தெரியாமல் இதில் எதுவும் உதவாது. அதை வெளியே தேட வேண்டியதில்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராக இருந்துகொண்டு, யுத்தம் ஒரு சமூகத்தின் மனதை என்ன செய்தது என்று எழுதிய 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' 1998இல் வந்தது. வாட்டுக்கு வந்தவர்களிடமிருந்தே அவருடைய கேள்வி பிறந்தது. காணாமல் போனவரை எதிர்பார்த்திருக்கும் தாயின் துயரத்துக்குத் தமிழில் எப்படிச் சிகிச்சை செய்வது என்பதற்கு சியற்றிலில் எவரிடமும் ஆயத்தமான பதில் கிடையாது. தமிழில் வேலை செய்யக்கூடிய மருத்துவ உளவியலாளர்கள் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். எங்களிடம் வரும் நோயாளரை அனுப்புவதற்கு ஒரு பெயரைத் தேடி நாங்களே பல நாள் அலைந்திருக்கிறோம்.

தேநீருக்குப் பிறகு நூலகத்தில் நீண்ட மேசையில் நாங்கள் மூவரும் இருப்போம். விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகள் பட்டியலோடு வாருங்கள். எங்கள் வைத்திய மூளையை மட்டும் நம்ப வேண்டாம். நான்கு மணிக்கு அந்தத் தங்கையும் சூம் வழியாக வருவாள். அவளுக்கு அங்கே அதிகாலை. அலாரம் வைத்துக்கொண்டுதான் படுத்தாளாம்.