கொடுத்த பொறுப்பும் கொடாத உரிமையும்: கருத்தரங்கத் தலைமை உரை



வேதாகமத்தின் வெளிச்சத்தில் தொழில் தலைமையை ஆராயும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பைத் தந்த அமைப்பாளர்களுக்கு நன்றி. இறையியல் கற்றவர்களும் வணிகம் செய்பவர்களும் ஒரே அவையில் அமர்ந்து ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பது அடிக்கடி நடப்பதில்லை. மூலமொழி அறிந்தவர்களுக்குச் சம்பளப் பட்டியல் போடும் நாளின் நெருக்கடி தெரியாது. அந்த நெருக்கடியில் வாழ்பவர்களுக்கு வேதபகுதியை முன்னும் பின்னும் சேர்த்துப் படிக்க நேரம் கிடைப்பதில்லை. இரு சாராரும் இன்று ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறார்கள்.

இந்தத் தலைப்பின் பல பகுதிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது, பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பது. நம் தொழில்களில் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறோம். முடிவெடுக்கும் உரிமையைக் கொடுப்பதில்லை. ஒருவரை மேலாளர் என்கிறோம். ஆனால் பழைய வாடிக்கையாளர் ஒருவருக்குச் சின்னத் தள்ளுபடி தரவும் அவர் முதலாளிக்குத்தான் போன் செய்ய வேண்டியிருக்கிறது. சரக்கு தாமதமானால் பழி மட்டும் அவர் தலையில் விழுகிறது. உரிமை இல்லாமல் பொறுப்பை மட்டும் கொடுப்பது பகிர்வு ஆகாது, அது சுமையேற்றுதல். வேதாகமத்தைக் கவனமாகப் படித்தால் அது இந்த வேறுபாட்டைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது என்பதே என் உரையின் மையக் கருத்து.

எல்லோரும் அறிந்த பகுதியிலிருந்து தொடங்குவோம். யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில், மீதியான் தேசத்து ஆசாரியனாகிய எத்திரோ வனாந்தரத்தில் தன் மருமகன் மோசேயைப் பார்க்க வருகிறார். முதல் நாள் நலம் விசாரிப்பும் பலியும் விருந்துமாகக் கழிகிறது. மறுநாள் மோசே நியாயம் விசாரிக்க உட்காருகிறார். காலை முதல் மாலைவரை ஜனங்கள் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். எத்திரோ குறை சொல்லித் தொடங்கவில்லை. ஏன் தனியாக உட்கார்ந்து இதைச் செய்கிறாய் என்றுதான் முதலில் கேட்கிறார். மோசேயின் பதில் நேர்மையானது. ஜனங்கள் தேவனுடைய சித்தத்தை அறிய என்னிடம் வருகிறார்கள், நான் கட்டளைகளை அவர்களுக்குத் தெரிவிக்கிறேன் என்பது அதன் சாரம். அதிகாரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஆசை அவரிடம் இல்லை. சட்டம் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதால் எல்லாம் அவரிடம் வந்து தேங்கி நின்றது.

ஆகவே எத்திரோவின் ஆலோசனையில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது முதலில் வரவில்லை. கட்டளைகளையும் நடக்கவேண்டிய வழியையும் ஜனங்களுக்குக் கற்றுக்கொடு என்பது முன்னே வருகிறது; தகுதியானவர்களைத் தெரிந்தெடு என்பது அதன் பிறகே வருகிறது. இந்த வரிசையைப் பெரும்பாலான பிரசங்கங்களும் மேலாண்மைப் பயிலரங்குகளும் கவனிக்காமல் கடந்துவிடுகின்றன. விலை எப்படி முடிவு செய்யப்படுகிறது, கடன் யாருக்கு எவ்வளவு தரலாம், தரம் குறைந்த சரக்கை எப்போது திருப்பி அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் முதலாளியின் மனத்தில் மட்டும் இருக்கும்வரை எத்தனை பேரை நியமித்தாலும் வரிசை அவர் அறை வாசலில்தான் நிற்கும்.

எத்திரோ சொன்ன தகுதிகள் நான்கு: திறமை, தெய்வபயம், உண்மை, அநியாய ஆதாயத்தின்மேல் வெறுப்பு. திறமை ஒன்று, குணம் மூன்று. நேர்காணல்களில் நாம் கேட்கும் கேள்விகளையும் இந்த விகிதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நம் தேர்வுமுறையின் சாய்வு நமக்கே தெரியவரும்.

இனி, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு ஒரு தலைவர் என்று எத்திரோ சொன்ன அமைப்பு. எகிப்திலிருந்து புறப்பட்ட ஆண்கள் ஏறக்குறைய 6 லட்சம் என்று யாத்திராகமம் சொல்கிறது. அந்தக் கணக்கை வைத்து, யூதர்களின் மரபு நூலான தால்மூத்தின் சன்ஹெத்ரின் பகுதி தலைவர்களின் எண்ணிக்கையை 78,600 என்று கணக்கிடுகிறது: ஆயிரம் பேருக்குத் தலைவர்கள் 600, நூறு பேருக்குத் தலைவர்கள் 6,000, ஐம்பது பேருக்குத் தலைவர்கள் 12,000, பத்துப் பேருக்குத் தலைவர்கள் 60,000. மேலாண்மைப் பாடநூல்கள் இந்த அதிகாரத்தை, ஒருவர் எத்தனை பேரை நேரடியாக மேற்பார்வையிடலாம் என்ற கேள்வியோடு சேர்த்துப் பேசும். 1933இல் கிரைகூனாஸ் என்ற ஆலோசகர், ஒரு தலைவரின் கீழ் 5 பேர் இருந்தால் கவனிக்கவேண்டிய உறவுகள் 100 என்றும் 6 பேரானால் அது 222 ஆகிறது என்றும் கணக்கிட்டுக் காட்டினார். பயனுள்ள கணக்குதான். ஆனால் மோசேக்குக் கீழே ஆயிரவர் தலைவர்கள் மட்டுமே 600 பேர் என்றால், மேற்பார்வை அளவைக் கொண்டு இந்த அமைப்பை விளக்க முடியாது. எந்த வழக்கு எங்கே முடிய வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி. சிறிய காரியங்களைக் கீழே இருப்பவர்களே தீர்க்க வேண்டும். கடினமானது மட்டும் மேலே வர வேண்டும். பத்துப் பேருக்குத் தலைவன் சொன்ன தீர்ப்பு அங்கேயே தீர்ப்பு. கொடுத்த பொறுப்போடு உரிமையும் சேர்ந்தே போனது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீயும் களைத்துப்போவாய், உன்னோடிருக்கும் ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்பதே எத்திரோவின் எச்சரிக்கை. தலைவரின் களைப்பைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவருடைய ஒரு கையெழுத்துக்காக நாள் முழுதும் காத்துக் கிடப்பவர்களின் களைப்பைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

இதே நிகழ்ச்சியை மோசே உபாகமம் முதல் அதிகாரத்தில் மறுபடி சொல்லும்போது எத்திரோவின் பெயர் வருவதில்லை. அங்கே, ஆட்களைத் தெரிந்துகொள்ளும்படி ஜனங்களிடமே சொல்கிறார். அவர்கள் காட்டியவர்களைத் தாம் நியமிக்கிறார். தேர்ந்தெடுத்தது தலைவரா, ஜனங்களா? இரண்டு பதிவுகளையும் எப்படி இணைத்துப் படிப்பது என்பது இந்த அவையில் விவாதிக்கத் தகுந்த கேள்வி.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் அந்தக் கேள்விக்கு ஒரு திசை காட்டுகிறது. எருசலேம் சபையில் அன்றாட உணவுப் பகிர்வில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர் பன்னிருவரும் அந்த முறையீட்டை அடக்கவில்லை. தாங்களே நேரில் போய்ப் பரிமாறி நல்ல பெயர் வாங்கவும் முயலவில்லை. சபை முழுவதையும் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்புக்கு நெருக்கமானவர்களிடமே பகிர்வுப் பொறுப்பு போனது என்று கருத இது இடம் தருகிறது. அப்போஸ்தலர்கள் எல்லோர் முன்னிலையிலும் அவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். இனி இவர்கள் சொல்வதே முடிவு என்று ஊரறியச் சொல்லும் செயல் அது. ஒருவருக்குப் பொறுப்பைத் தனியறையில் கொடுத்துவிட்டு மற்றவர்களிடம் அறிவிக்காமல் விடும் நிறுவனங்களில், அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் தன் உரிமையை நிரூபித்தே ஓய்ந்துபோகிறார்.

அடுத்து, அதிகம் பேசப்படாத ஒரு பகுதி: இரண்டாம் இராஜாக்கள் 12ஆம் அதிகாரம். தொழில் நடத்துவோர் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். யோவாஸ் ராஜா, ஆலயத்துக்கு வரும் பணத்தை ஆசாரியர்களே வாங்கி, இடிந்த இடங்களை அவர்களே பழுதுபார்க்க வேண்டும் என்று கட்டளையிட்டார். நல்ல நோக்கம், மதிப்புக்குரிய மனிதர்கள். ஆனால் அவருடைய ஆட்சியின் 23ஆம் வருஷம் வரைக்கும் பழுது பார்க்கப்படவில்லை. ராஜா பிரதான ஆசாரியனாகிய யோய்தாவையும் மற்றவர்களையும் அழைத்துக் காரணம் கேட்டார். இந்த அதிகாரம் எந்த ஆசாரியனையும் திருடன் என்று சொல்லவில்லை. யாரும் பதவி நீக்கப்படவும் இல்லை. மாற்றப்பட்டது ஏற்பாடுதான்.

யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் துளையிட்டு, பலிபீடத்தின் அருகே வைத்தார். வாசல் காக்கும் ஆசாரியர்கள் வந்த பணத்தை அதில் போட்டார்கள். பெட்டி நிறைந்தபோது ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். பிறகு பணம் வேலையை நடத்துபவர்களிடம் போய், அவர்கள் மூலம் தச்சருக்கும் கொத்தனாருக்கும் கல்தச்சருக்கும் மரத்துக்கும் கல்லுக்கும் செலவானது. வாங்கும் கை வேறு, எண்ணும் கை வேறு, செலவழிக்கும் கை வேறு. எண்ணும்போது இரண்டு தனித்தனி அதிகாரங்களின் பிரதிநிதிகள் உடனிருந்தார்கள். இன்று தணிக்கையாளர்கள் நிறுவனங்களுக்கு வலியுறுத்தும் அடிப்படை விதி இதுவே.

இதோடு இரண்டு நுட்பங்கள் இருக்கின்றன. ஆசாரியர்களுக்கு உரிய குற்றநிவாரண பலி, பாவநிவாரண பலிப் பணம் அவர்களுக்கே விடப்பட்டது. சீர்திருத்தம் அவர்கள் பிழைப்பில் கைவைக்கவில்லை. மற்றொன்று, வேலையை நடத்தியவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கப்படவில்லை என்று அதே அதிகாரம் பதிவு செய்கிறது. முதல் வாசிப்பில் இது முரணாகத் தோன்றும். பணம் சேரும் இடத்தில் கண்டிப்பான ஏற்பாடு, பணிசெய்யும் இடத்தில் முழு நம்பிக்கை என்று புரிந்துகொண்டால் முரண் நீங்கும். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பெரிய தொகைகள் புழங்கும் இடத்தில் உறவினர் என்று சும்மா விட்டுவிடுகிறோம். பட்டறையில் உழைப்பவரிடம் ஒவ்வொரு ஆணிக்கும் கணக்குக் கேட்கிறோம். நல்ல ஏற்பாடு நேர்மையானவரைச் சந்தேகத்திலிருந்து காக்கிறது. தம்மிடம் சேர்ந்த காணிக்கையைக் கொண்டுபோகும்போது குற்றச்சாட்டுக்கு இடமின்றிப் பிறரையும் உடன் அனுப்பிய பவுலின் நடைமுறையும், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில், இதையே சொல்கிறது.

பொறுப்பைப் பகிர்வதன் இருண்ட முகத்தையும் வேதாகமம் மறைக்கவில்லை. இரண்டாம் சாமுவேல் 11ஆம் அதிகாரத்தில் தாவீது ராஜா தன் படைவீரன் உரியாவைத் தன் கையால் கொல்லவில்லை. அவரைப் போர்முனையில் நிறுத்தச் சொல்லித் தளபதி யோவாபுக்குக் கடிதம் எழுதினார். அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினார். போர்முனையில் நிறுத்தியது யோவாப், வீழ்த்தியது அம்மோனியர். ஆனால் அடுத்த அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி வந்து நின்றது தாவீதின் முன்னால்தான். கொலைக் குற்றம் தாவீதின் பெயரிலேயே எழுதப்பட்டது. உரிமையைப் பகிரலாம், குற்றத்தைப் பகிர்ந்து கைகழுவ முடியாது. "எப்படியாவது முடித்துவிடு, எனக்கு விவரம் வேண்டாம்" என்று மேலே இருப்பவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடிதம் மறுபடி எழுதப்படுகிறது. அனுமதி இல்லாத கட்டடம், கழிவுநீர் கலந்த ஆறு, பாதுகாப்புக் கருவி இல்லாமல் இயந்திரத்தில் கைவைத்த தொழிலாளி என்று அதன் விளைவுகள் கீழே இருப்பவர்கள் மேலும், சம்பந்தமே இல்லாதவர்கள் மேலும் விழுகின்றன.

ஆய்வாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நிறுவனம் இஸ்ரவேல் சபை அல்ல, முதலாளி மோசேயும் அல்ல. உடன்படிக்கையால் கட்டப்பட்ட ஜனத்துக்கும், சம்பளத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட ஊழியருக்கும் இடையே உள்ள தூரத்தை மறந்துவிட்டு இந்தப் பகுதிகளைப் பயன்படுத்தினால், கீழ்ப்படிதலைக் கேட்பதற்கு மட்டும் வேதவசனம் துணைக்கு அழைக்கப்படும். வேதாகமத்தின் பார்வையில் சொத்தும் அதிகாரமும் உடையவர் உக்கிராணக்காரர். ஒருநாள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர். ஆகவே இந்தப் பகுதிகளை ஊழியரின் இடத்தில் நின்றும் படியுங்கள். கூலிக்காரனின் கூலியை அன்று பொழுது அடங்குமுன் கொடுத்துவிட வேண்டும் என்ற உபாகமம் 24ஆம் அதிகாரத்துக் கட்டளையை, பொறுப்புகள் கூடியும் சம்பளம் கூடாத நிலைமையோடு சேர்த்துப் படியுங்கள்.

இந்தக் கருத்தரங்கிடம் மூன்று எதிர்பார்ப்புகளை வைக்கிறேன். ஒரு வசனத்தைப் பிடுங்கி ஒரு மேலாண்மைக் கொள்கைக்கு முட்டுக்கொடுக்காமல், முழு அதிகாரத்தையும் இணைப் பகுதிகளையும் சேர்த்துப் படிக்கும் கட்டுரைகள் வேண்டும். யோவாஸின் பெட்டியைப் பற்றி இராஜாக்களின் புத்தகமும் நாளாகமமும் சொல்வதில் வேறுபாடுகள் உண்டு. அவற்றை மறைக்காமல் ஆராயுங்கள். அடுத்து, வெற்றிக் கதைகளோடு தோற்ற ஏற்பாடுகளையும் எடுத்துப் பேசுங்கள். 23ஆம் வருஷம் வரை பழுதாகவே கிடந்த ஆலயம் நமக்குக் கற்றுத்தருவது அதிகம். மூன்றாவதாக, தொழிலகங்களுக்குப் போங்கள். யாரிடம் எந்த முடிவு இருக்கிறது, எது ஏன் மேலே போகிறது, காத்திருப்பவர்கள் யார் என்று மேலாளர்களிடமும் கடைநிலைத் தொழிலாளர்களிடமும் கேட்டு எழுதுங்கள்.

தொழில் நடத்தும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் நிறுவனத்தில் நீங்கள் கொடுத்திருக்கும் பொறுப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும், அதற்குரிய முடிவை எடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். இரண்டு பெயர்களும் வேறாக இருக்கும் இடங்களில், விதியைக் கற்றுக்கொடுத்து, உரிமையையும் ஒப்படைத்து, அதை எல்லோரும் அறியச் சொல்லுங்கள். தவறு நேர்ந்தால் முதலில் நீங்கள் முன்வந்து நில்லுங்கள். அப்படிச் செய்யும் நிறுவனத்தில் வேலைசெய்பவர் மதிப்போடு வளர்வார். நீங்கள் இல்லாத நாளிலும் அங்கே நீதி நடக்கும்.

இந்த அமர்வுகளில் துணிவோடு கேளுங்கள், பொறுமையோடு கேட்டுக்கொள்ளுங்கள், கருத்து மாறுபட்டால் மரியாதையோடு மறுத்துப் பேசுங்கள். கட்டுரை வாசிக்கும் அனைவருக்கும் என் வாழ்த்துகள். கருத்தரங்கை மகிழ்ச்சியோடு தொடங்கி வைக்கிறேன்.