அழியா நஞ்சும் முதுமையும்



எளிதில் அழியாத சில இரசாயனப் பொருள்கள் முதியவர்களின் உடலில், குறிப்பாக அவர்களுடைய ஹார்மோன்களில், எத்தகைய மாறுதல்களை உண்டாக்கக்கூடும் என்பதைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். “முதியோரின் உடல்நலத்தைப் பற்றி இளைஞர்களாகிய எங்களிடம் ஏன் பேச வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேச்சின் முடிவில் அதற்கு விடை சொல்கிறேன்.

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நான் ஏழெட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, மலேரியா ஒழிப்பு ஊழியர்கள் காக்கி உடையும் கைப் பம்புமாக எங்கள் கிராமத்திற்கு வருவார்கள். அவர்கள் தெருமுனையில் தென்பட்டதுமே என் தாயார் அரிசிப் பானையையும் தண்ணீர்க் குடத்தையும் வெளியே எடுத்து வைத்துவிடுவார். வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்தைத் தெளித்துவிட்டு, வந்து போன தேதியையும் சுவரில் எழுதிவிட்டுப் போவார்கள். ஈரம் உலர்ந்ததும் சுவரில் வெண்மையான பொடி படிந்திருக்கும். அதில் விரலால் யானையும் தேரும் வரைவது எங்களுக்கு ஒரு விளையாட்டு.

அந்த ஊழியர்களை நான் இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன். நம் நாட்டில் 1953-ஆம் ஆண்டு மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய காலத்தில், ஆண்டுதோறும் சுமார் ஏழரைக் கோடிப் பேர் அந்நோயால் அவதியுற்றனர். சுமார் எட்டு லட்சம் பேர் மாண்டனர் என்பது அன்றைய மதிப்பீடு. 1960-களின் நடுவில் நோயுற்றோர் தொகை ஒரு லட்சத்தையொட்டிக் குறைந்தது. டி.டி.டி.க்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டென்று 1939-இல் கண்டறிந்த பால் முல்லர் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானிக்கு, 1948-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரு முறை தெளித்தால் பல மாதங்கள் சுவரிலேயே வீரியம் குன்றாமல் நிற்கும் என்பதுதான் அம்மருந்தின் பெருமை. அந்தப் பெருமையே பின்னர் அதன் குற்றமாயிற்று. அது நீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரைகிறது. உடலுக்குள் புகுந்தால் டி.டி.ஈ. என்ற வேறொரு பொருளாக மாறி, உடற்கொழுப்பில் பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது.

இதே இயல்புடைய மற்றொரு பொருள் பாலிகுளோரினேட்டட் பைபினைல், சுருக்கமாக, பி.சி.பி. தொழிற்சாலைகளில் 1929-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட எண்ணெய் போன்ற பொருள் இது. எளிதில் தீப்பற்றாது; மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மின்மாற்றிகளில் அதை நிரப்பினார்கள். 1966-இல் சோரன் ஜென்சன் என்ற சுவீடன் நாட்டு விஞ்ஞானி, டி.டி.டி.யைத் தேடி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கழுகின் உடலில் பி.சி.பி. இருப்பதைக் கண்டார். தம் குடும்பத்தாரின் தலைமயிரைச் சோதித்தார். அவருடைய குழந்தையின் மயிரிலும் அது இருந்தது!

சரி, இப்பொருளுக்கும் ஹார்மோனுக்கும் என்ன தொடர்பு? நம் கழுத்தின் முன்புறத்தில் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் தைராக்சின், உடலின் வெப்பத்தையும் இதயத்தின் துடிப்பையும் சிந்தனையின் சுறுசுறுப்பையும் சீராக வைத்திருக்க உதவுகிறது. தைராக்சின் மூலக்கூறில் இரண்டு வளையங்கள் உண்டு. அவற்றில் நான்கு அயோடின் அணுக்கள் ஒட்டியிருக்கின்றன. பி.சி.பி.யிலும் இரண்டு வளையங்கள். அயோடினுக்குப் பதிலாகக் குளோரின் அணுக்கள். இரத்தத்தில் ஒருவகைப் புரதம், பல்லக்கைப் போல, தைராக்சினை ஏற்றிச் செல்கிறது. உடலில் சற்றே உருமாறிய பி.சி.பி. அந்தப் பல்லக்கில் ஏறி அமர்ந்துகொள்கிறது. உரியவருக்கு இடமில்லாமல் போகிறது. சுரப்பியின் ஒழுங்கு குலைவதற்கு இதுவும் ஒரு வழி.

முதியவர்களுக்கு இதில் கவலை ஏன் மிகுதி? முதலாவது, நெடுங்காலம் வாழ்ந்தவர் நெடுங்காலம் சேர்த்திருக்கிறார்; அதிலும் இப்பொருள்கள் தாராளமாகப் புழங்கிய காலத்தில் வளர்ந்தவர். இரண்டாவது, முதுமையில் தைராய்டுக் குறைபாடு இயல்பாகவே மிகுதியாகக் காணப்படுகிறது. மூன்றாவது, நோயினால் உடல் மெலிந்து கொழுப்பு கரையும்போது, அதில் அடங்கியிருந்த நஞ்சு மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது.

இதற்குத் தக்க உதாரணம் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ஓடும் ஹட்சன் ஆறு. அதன் மேற்பகுதியில் போர்ட் எட்வர்ட், ஹட்சன் பால்ஸ் என்னும் இரு சிற்றூர்கள் இருக்கின்றன. அங்கிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தொழிற்சாலைகளிலிருந்து, 1947 முதல் 1977 வரை, 13 லட்சம் பவுண்டு வரையில் பி.சி.பி. ஆற்றில் கலந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அது ஆற்றின் அடிச்சேற்றில் படிந்தது. சேற்றிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும் படிப்படியாகப் பெருகி ஏறியது. 1976-இல் அங்கே மீன் பிடிப்பதையே தடை செய்தார்கள். சேற்றைத் தோண்டி அகற்றும் பணியோ 2009-இல்தான் தொடங்கி 2015-இல் நிறைவுற்றது.

அவ்வட்டாரத்தில் 25 ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழ்ந்த, 55 முதல் 74 வயது வரையுள்ள மக்களின் இரத்தத்தை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். வாழ்நாளில் ஹட்சன் ஆற்று மீனை மிகுதியாக உண்டவர்களின் இரத்தத்தில் பி.சி.பி.யும் மிகுதியாகத் தென்பட்டது. இளமையில் உண்ட மீன் முதுமையிலும் கணக்குக் காட்டியது! அவர்களுள் ஒரு பகுதியினரிடம் தைராய்டு ஹார்மோன்களையும் அளந்தபோது, டி.டி.டி., பி.சி.பி. போன்ற பொருள்களின் அளவோடு அவற்றுக்குத் தொடர்பு காணப்பட்டது. அது ஆண்களிடம் ஒரு விதமாகவும் பெண்களிடம் வேறு விதமாகவும் இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தொடர்பு காண்பது வேறு. காரணத்தை நிறுவுவது வேறு. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தீராத சோர்வும் குளிரும் மறதியும் உண்டாயின. “வயதாகிவிட்டது, அவ்வளவுதான்” என்றார்கள் வீட்டார். நானும் அப்படியே நம்பினேன். பின்னர் ஒரு மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று கண்டுபிடித்தார். இன்று நாள்தோறும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை விழுங்குகிறேன். இதற்குக் காரணம் நான் விரலால் யானை வரைந்த அந்த வெண்பொடியா? அப்படிச் சொல்ல எவராலும் இயலாது. இக்குறைபாட்டுக்கு வேறு காரணங்கள் பல உண்டு. தனி ஒருவரின் உடலைப் பார்த்துத் தீர்ப்புக் கூற முடியாது; பலரைப் பல ஆண்டுகள் பொறுமையோடு ஆராய்ந்தால்தான் உண்மை புலப்படும். ஆனால் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டுப் பாட்டியோ தாத்தாவோ காரணமின்றிச் சோர்ந்திருந்தால், முதுமையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உலக நாடுகள் 2001-இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடி, இத்தகைய பொருள்களைக் கைவிட ஓர் உடன்படிக்கை செய்தன. முதற்பட்டியலில் 12 பொருள்கள் இடம்பெற்றன. நோய் பரப்பும் கொசுவை ஒழிக்க மட்டும் டி.டி.டி.க்கு விலக்கு அளித்தார்கள். அது 2004-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2006-இல் அதை ஏற்றுக்கொண்டது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹட்சன் ஆற்றில் மீன் பிடித்து உண்டவர்கள் அன்று இளைஞர்களே. என் கிராமத்துச் சுவரில் படம் வரைந்தவர்களும் சிறுவர்களே. முதுமையில் தோன்றும் தொல்லைக்கு விதை இளமையில் விழக்கூடும். நாளை உங்களுள் ஒருவர் இரசாயன நிபுணராவார். ஒருவர் தொழிற்சாலை நடத்துவார். அப்போது புதிய பொருள் ஒன்று உங்கள் கைக்கு வரும். “இது என்ன வேலை செய்யும்?” என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் மேலும் ஒரு கேள்வி கேளுங்கள்: “வேலை முடிந்த பிறகு இது எங்கே போகும்?” அந்த ஒரு கேள்வியை அன்று கேட்டிருந்தால், ஓர் ஆறும் அதன் கரையில் முதுமை எய்திய மக்களும் இவ்வளவு காலம் துன்புற நேர்ந்திராது.