தண்டவாளத்து ஓரத்துப் பெட்டி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சுந்தரபாண்டியத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ரயிலேறி ராஜபாளையம் போகிறவர்கள், தண்டவாளத்து ஓரமாக பீரோ மாதிரி இரும்புப் பெட்டிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லொகேஷன் பாக்ஸ் என்பார்கள். சிக்னலுக்கும் பாயின்ட் மோட்டாருக்கும் லெவல் கிராசிங் கேட்டுக்கும் போகிற கேபிள்கள் அதற்குள் வந்துதான் பிரிகின்றன. 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் 290 பேருக்கு மேல் மாண்டார்களே, அந்த விசாரணையில் அடிபட்ட பெட்டி இதுதான். அங்கே காரணம் வயரிங் தவறு, மழையல்ல. ஆனால் ஈரத்தையும் லேசாக நினைக்காதீர்கள். மின்சாரம் நின்றால் ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும், வண்டி தாமதமாகும், அவ்வளவுதான். ஈரமேறிய இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே மின்சாரம் கசிந்து, விழ வேண்டிய ரிலே விழாமல் நின்றுவிட்டால்? அதுதான் பயம்.

ஓர் ஐப்பசி மாதம் அப்படியொரு பெட்டியைத் திறந்தோம். ஐபி 65 சான்றிதழ் பெற்றது. அதாவது தூசி புகாது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் கெடுதல் வராது. ஆனால் அடித்தகட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது! "ரப்பர் நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்கிட்டு வழியா வந்துச்சுன்னே தெரியல" என்றார் மெக்கானிக் அண்ணாச்சி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்ம ஊர் வெயிலில் பெட்டிக்குள் காற்று 60 டிகிரி என்று வையுங்கள். சாயங்காலம் திடீரென்று மழை கொட்டி 30-க்கு இறங்குகிறது. இறுக மூடிய பெட்டியானால் உள்ளழுத்தம் 9 சதவீதம் குறையும். ஏறக்குறைய 90 செ.மீ. ஆழத் தண்ணீரில் பெட்டியை முக்கியதுக்குச் சமம். ரப்பர் ஓரத்தில் நிற்கிற மழைத்தண்ணீரைப் பெட்டியே உறிஞ்சிக் குடிக்கிறது! சோதனைக்கூடத்தில் இது தெரியாது. ஐபி 67-க்கு 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் முக்கும்போதுகூட, பெட்டியின் வெப்பமும் தண்ணீரின் வெப்பமும் 5 டிகிரிக்கு மேல் வேறுபடக்கூடாது என்பது விதி. ஐப்பசி மழைக்கு இந்த விதியெல்லாம் தெரியுமா?

ஒழுகுகிறது என்று சிலர் இடுக்கெல்லாம் சிலிக்கான் பசையை அப்புவார்கள். அதைவிடக் கெடுதல் வேறில்லை. அழுத்த வேறுபாடு அப்படியே இருக்கும். உள்ளே போன தண்ணீருக்கும் வெளியே வர வழியிருக்காது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கிற ப்ரீதர் ஒன்று பக்கவாட்டில், அடியிலே வடிகால், வெயில் நேரே படாமல் மேலே இன்னொரு தகட்டுக் கூரை, நடுவில் இடைவெளி விட்டு. கேபிள் எல்லாம் அடிப்பக்கமாகத்தான் நுழைய வேண்டும். பெட்டி மண்டையில் துளை போடுகிறவரை மன்னிக்கவே கூடாது!

அடுத்த கார்த்திகையில் திறந்தபோது தகடு உலர்ந்திருந்தது. டெர்மினலில் பச்சை பிடிக்கவில்லை.

ப்ரீதர் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் தம்பி தங்கைகள் வாருங்கள், கழற்றிப் பார்ப்போம்.