மூடிய புத்தகமும் திறந்த நினைவும்



வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு நினைவாற்றல் என்பது தேர்வெழுதும் மாணாக்கரின் கவலை மட்டுமன்று. அலுவலகத்தில் இந்தி, அங்காடியில் வங்காளமோ மராத்தியோ, வீட்டில் தமிழ் என்று ஒரே நாளில் மூன்று மொழிகளில் புழங்குகிறோம். புதியது பதியவேண்டும், பழையதும் நழுவலாகாது.

ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, அவற்றை மீண்டும் கற்கையில் எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்து, 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்கு மேல் போயிற்று. ஒரு நாள் சென்றபின் மூன்றில் ஒரு பங்கும், ஒரு மாதம் சென்றபின் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. மறதி முதலில் ஓடுகிறது. பிறகு தளர்நடை போடுகிறது. ஆகவே, ஒரே அமர்வில் பத்துமுறை உருப்போடுவதினும், அன்றிரவு ஒருமுறை, இரு நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை நினைவுகூர்வது மேல்.

நினைவுகூர்வது என்றோமேயன்றி, மீண்டும் படிப்பது என்றோமில்லை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், மாணவருள் ஒரு சாராரை ஓர் உரைப்பகுதியை நான்கு வேளையும் படிக்கச் செய்தனர். மற்றொரு சாராரை ஒரு வேளை படித்து, மூன்று வேளை பாராமல் எழுதச் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்தவரிடம் நூற்றுக்கு 40 பங்கும், எழுதிப் பார்த்தவரிடம் 61 பங்கும் நின்றன. தமக்கு நன்கு நினைவிருக்கும் என்று மிகுதியும் நம்பியவர் படித்தவரே என்பதுதான் வேடிக்கை! பிள்ளை, "எல்லாம் படித்துவிட்டேன்" என்னும்போது புத்தகத்தை வாங்கி மூடிவிட்டு, "சொல், கேட்போம்" என்பதே தக்கது. நம் திண்ணைப் பள்ளிகளில் பாடம் ஒப்புவித்ததும் இதுவே.

இனி, மனத்தில் ஒட்டாத செய்திக்குப் படமொன்று துணைசெய்யும். இந்தி கற்கும் தமிழரை அலைக்கழிப்பது அஃறிணைப் பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு என்பதே. ஈகாரத்தில் முடிவன பெரும்பாலும் பெண்பால். ஆனால் பானீ, கீ, தஹீ, மோத்தீ ஆகிய தண்ணீர், நெய், தயிர், முத்து நான்கும் ஆண்பால். அட்டவணையாகப் படித்தால் நில்லா. முத்துக் கடுக்கன் அணிந்த மீசைக்காரர் ஒருவர், பந்தியில் தண்ணீர் வைத்து, நெய் ஊற்றி, தயிர் பரிமாறுவதாகக் கற்பனை செய்க. அவ்வளவே, மீசை மறக்காது.

சாவி, மூக்குக்கண்ணாடி முதலியவற்றிற்கு இத்தனை பாடு வேண்டா. ஒரே இடத்தில் வைக்கும் வழக்கம் போதும்.

நாம் பெரிதும் அஞ்சுவது வேறொன்று. இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளின் தமிழ்ச் சொற்கள், எடுத்தாள வாய்ப்பின்றி ஒவ்வொன்றாய் மங்குகின்றன. ஊரிலுள்ள பாட்டியுடன் தொலைபேசியில் பேசும் பிள்ளை, "அது... அது..." என்று தடுமாறினால், உடனே சொல்லை எடுத்துக்கொடுக்கிறோம், இல்லையேல் இந்திச் சொல்லோடு விட்டுவிடுகிறோம். சற்றே பொறுத்து, முதலெழுத்தை மட்டும் சொல்லிப் பார்க்கலாம். "தொ" என்றதும், தேடித் துழாவி, "தொன்னை" என்று அப்பிள்ளையே சொல்லிவிடும்.