பழைய பாஸ்புக்கைத் தூக்கிப் போட்டுடாதீங்க

(இராசிபுரம் வட்டாரத்தில் நடந்த உழவர் அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத தோழர்கள் கேட்டதால் இங்கே பதிவிடுகிறோம். படித்துவிட்டு உங்கள் ஊர்க் குழுவிலும் பகிருங்கள்.)

முன்னாடி உட்கார்ந்திருக்கிற பெரியவங்களுக்கும், வேலையை விட்டுட்டு வந்திருக்கிற தாய்மார்களுக்கும், டீக்கடை ஓரமா நின்னு கேட்டுக்கிட்டிருக்கிற தம்பிகளுக்கும் வணக்கம்.

இன்னைக்கு நான் பெரிய அரசியல் எதுவும் பேசப் போறதில்ல. ஒரு காகிதத்தைப் பத்தித்தான் பேசப்போறேன். வங்கி ஸ்டேட்மெண்ட். "அதைப் பேச ஒரு கூட்டமா?"ன்னு கேப்பீங்க. ஏனுங்க, நம்ம பக்கம் எத்தனை பேருக்கு 'பி.எம். கிசான் பணத்தைத் திருப்பிக் கட்டு'ன்னு கடுதாசி வந்திருக்கு, எத்தனை பேருக்குத் தவணை நின்னு போயிருக்குன்னு கையைத் தூக்கச் சொன்னா, இந்தப் பந்தல்ல பாதிக் கை மேல போகும்.

என் வீட்டுக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கப்பாவுக்கு ரெண்டு ஏக்கர். குச்சிக்கிழங்குதான் போடுவாரு. 2019-ல பி.எம். கிசான் வந்தப்போ பட்டா, ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் எல்லாம் கொடுத்துப் பதிஞ்சாரு. வருசத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணையா 2,000, 2,000-னு வந்துச்சு. கிழங்குக்குக் களை எடுக்க, உரம் வாங்க, அது ஒரு கைமாத்து மாதிரி. திடீர்னு ஒருநாள் ஒரு கடுதாசி. "நீங்கள் வருமான வரி செலுத்துபவர், எனவே தகுதியற்றவர், பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தவும்." அப்பா அதை என்கிட்ட நீட்டி, "ஏம்ப்பா, நான் எப்ப வரி கட்டுனேன்?"னு கேட்டாரு.

தோண்டிப் பார்த்தா விசயம் இதுதான். தம்பி லாரி வாங்கக் கடன் போட்டான். நாமக்கல் பக்கம் லாரி, திருச்செங்கோடு பக்கம் ரிக் வண்டி, கடன் இல்லாம எவன் வாங்கறான்? அப்பாவையும் கூட்டுக் கையெழுத்துக்கு வச்சான். கடன் கொடுக்கறவங்க வருமான வரிக் கணக்குத் தாக்கல் செஞ்ச நகல் கேட்டாங்க. ஆடிட்டர் ஆபீசுல அப்பா பேர்லயும் ஒண்ணு தாக்கல் பண்ணிட்டாங்க. அதுல கட்ட வேண்டிய வரி? பூஜ்ஜியம். பான் நம்பரும் ஆதாரும் ஒண்ணா கட்டியிருக்கு இல்லையா, அந்தத் தாக்கல் எங்கியோ ஒரு கம்ப்யூட்டர்ல போய் ஒட்டி, 'இவரு வரி கட்டறவரு'ன்னு ஆயிடுச்சு.

இங்க ஒண்ணு நல்லாக் கேட்டுக்கங்க. பி.எம். கிசான் விதியில சொல்லியிருக்கிறது, கடந்த மதிப்பீட்டு ஆண்டுல வருமான வரி *கட்டியவங்க* வாங்கக்கூடாதுன்னு. கணக்குத் தாக்கல் மட்டும் பண்ணி, வரி பூஜ்ஜியம்னா, அவரு வரி கட்டினவரு இல்ல. இந்த ஒரு வித்தியாசம் தெரியாம பயந்துக்கிட்டு கடன் வாங்கித் திருப்பிக் கட்டினவங்க இருக்காங்க. நிசமாவே வரி கட்டினவங்க, மாசம் 10,000 ரூபாய்க்கு மேல பென்சன் வாங்கறவங்க, அரசாங்க வேலையில இருக்கறவங்க வாங்கியிருந்தா, அது திருப்பிக் கட்ட வேண்டியதுதான். அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

சரி, அப்பா கதைக்கு வர்றேன். ஆபீசுல போய்க் கேட்டா, "2019-ல இருந்து வங்கி ஸ்டேட்மெண்ட் கொண்டாங்க, எந்தெந்தத் தவணை வந்திருக்குன்னு பாக்கணும்"னாங்க. பாஸ்புக்கைத் திறந்தா, கொரோனா காலத்துல என்ட்ரி போடவே போகல. ரொம்ப நாள் கழிச்சுப் போட்டதால, அத்தனை மாசத்து வரவும் செலவும் ஒரே வரியில கூட்டிப் போட்டு அச்சடிச்சிருக்கு. 2,000 எங்க வந்துச்சு, எப்ப வந்துச்சு, ஒண்ணும் தெரியல. வங்கிக்குப் போனோம். வங்கி பேரு வேண்டாம். முதல் நாள் "சர்வர் இல்ல". ரெண்டாவது நாள் "அவ்வளவு பழசு இங்க வராது, மேல எழுதணும்". மூணாவது நாள் பக்கத்துக்கு இவ்வளவுன்னு கட்டணம். எழுபது வயசு மனுசன், மூணு தடவை பஸ் ஏறினாரு.

அப்புறம் ஸ்டேட்மெண்ட் வந்துச்சு. பாத்தா இன்னொரு ஆச்சரியம். திருப்பிக் கட்டச் சொன்ன தவணையில சிலது அந்தக் கணக்குக்கு வரவே இல்ல! எங்க போச்சு? நகைக்கடனுக்காக அப்பா கூட்டுறவு வங்கியில இன்னொரு கணக்கு ஆரம்பிச்சு, அங்க ஆதார் கொடுத்திருந்தாரு. ஆதார் வழியா வர்ற பணம், கடைசியா எந்தக் கணக்கை ஆதாரோட சேத்தோமோ அங்கதான் போகும். விண்ணப்பத்துல எழுதின கணக்குக்குப் போகாது. அவரு நகைக்கடன் வட்டிக்கு வச்சிருந்த கணக்குல இது சத்தமில்லாம சேந்துக்கிட்டிருந்துச்சு. ஆக ரெண்டு வங்கி, ரெண்டு ஸ்டேட்மெண்ட்.

இப்ப நான் கேக்கற கேள்வி ஒண்ணுதான். இந்தப் பணத்தை அனுப்பினது அரசாங்கம். எந்தத் தேதியில, எந்தக் கணக்குக்கு, எவ்வளவு போச்சுங்கறது அரசாங்கத்தோட சொந்தக் கம்ப்யூட்டர்லயே இருக்கு. அனுப்பினவங்களுக்குத் தெரிஞ்ச கணக்கை, வாங்கினவன்தான் பஸ் ஏறிப் போய் எடுத்துக்கிட்டு வரணுமா? இன்னொண்ணும் இருக்கு. 2002-ம் வருசத்துப் பணமோசடித் தடுப்புச் சட்டப்படி, வங்கிகள் பரிவர்த்தனைப் பதிவுகளை 5 வருசம் வச்சிருக்கணும். பெரிய பெரிய கட்டிடத்துல உக்காந்திருக்கிற வங்கிக்கே கட்டாயம் 5 வருசம்தான். ஓட்டு வீட்டுல, தகரப் பெட்டியில காகிதத்தை வச்சிருக்கிற விவசாயிகிட்ட 2019-ல இருந்து கேட்டா எப்படி?

சோதனையே வேண்டாம்னு நான் சொல்லல. 2020 ஞாபகம் இருக்கா? ஆகஸ்ட், செப்டம்பர்ல சேலம் உள்ளிட்ட பல மாவட்டங்கள்ல பி.எம். கிசான் மோசடி வெளிய வந்துச்சு. நிலமே இல்லாதவங்க பேர்ல பதிவு. மாநிலம் முழுக்கத் தகுதியில்லாதவங்க 5 லட்சத்துக்கும் மேல, போன பணம் சுமார் 110 கோடி ரூபாய்னு அப்பவே அதிகாரிகள் சொன்னாங்க. சி.பி.சி.ஐ.டி. விசாரிச்சுது. ஒப்பந்த ஊழியர்கள், கம்ப்யூட்டர் சென்டர்காரங்க, இடைத்தரகர்கள்னு கைதானாங்க. ஆனா மாட்டிக்கிட்டு முழிச்சது யாரு? "கொரோனா நிவாரணம் வருது, ஆதாரும் பாஸ்புக்கும் கொடு"ன்னு எவனோ சொன்னதை நம்பிக் கொடுத்த கூலிக்காரங்க. அவங்க கணக்குல இருந்துதான் பணத்தைத் திருப்பி எடுத்தாங்க. தரகன் வாங்கின கமிசனை ஏழை கட்டினான். அதனாலதான் சொல்றேன், சோதனை பண்ணுங்க, ஆனா யாரைப் பிடிக்கணுமோ அவனைப் பிடிங்க.

அடுத்து தாய்மார்கள் கவனிக்க வேண்டியது.

மகளிர் உரிமைத் தொகை, 2023 செப்டம்பர் 15-ல காஞ்சிபுரத்துல ஆரம்பிச்சது, மாசம் 1,000 ரூபாய். குடும்ப வருமானம் வருசத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும், நஞ்சை 5 ஏக்கர், புஞ்சை 10 ஏக்கருக்குள்ள, கரண்டு வருசத்துக்கு 3,600 யூனிட்டுக்குள்ளன்னு விதி. மறுத்துட்டா 30 நாளைக்குள்ள வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு. சரி, 'எங்க வருமானம் இவ்வளவுதான்'னு காட்ட நம்மகிட்ட என்ன இருக்கு? சம்பளச் சீட்டா இருக்கு? பாஸ்புக்தான் இருக்கு. ஆனா அந்தப் பாஸ்புக்கே நமக்கு எதிராப் பேசும். எப்படின்னு சொல்றேன்.

பள்ளிபாளையத்துல தறி ஓட்டற ஒரு அக்கா, மகளிர் குழுத் தலைவி. குழுக் கடன் சில நேரம் அவங்க கணக்கு வழியா வந்து, பத்து பேருக்குப் பிரிச்சுப் போகும். ஸ்டேட்மெண்ட்ல பாத்தா லட்சக்கணக்குல வரவு. லாரி டிரைவர் ஒருத்தர். முதலாளி டீசலுக்கும், லோடு ஏத்து கூலிக்கும், வழிச் செலவுக்கும் ஜிபே-ல இவருக்கு அனுப்புவாரு. மாசம் முப்பது நாப்பதாயிரம் வந்து, அன்னைக்கே பெட்ரோல் பங்க்குக்குப் போயிடும். இவரு கையில நிக்கறது பேட்டாவும் சம்பளமும் மட்டும். கிழங்கு போட்டவரு சேகோ ஆலையில இருந்து பத்து மாசத்து வெள்ளாமைக்கு ஒரே நாள்ல பணம் வாங்குவாரு. அதுல வெட்டுக் கூலி, வண்டி வாடகை, உரக்கடை பாக்கி போக மிச்சம் என்ன? உக்காந்து ஸ்டேட்மெண்ட் பாக்கற ஆபீசருக்கு இது எதுவும் தெரியாது. அவரு மொத்தத் தொகையைத்தான் பாப்பாரு.

கணக்குல வந்து போன பணம் வேற, வருமானம் வேற. இதை நாமதான் எழுதிக் கொடுக்கணும்.

அதனால ஸ்டேட்மெண்ட் கேட்டா வெறும் ஸ்டேட்மெண்டை மட்டும் நீட்டாதீங்க. நகல் ஒண்ணு எடுத்து, பெரிய வரவு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பேனாவுல எழுதுங்க: 'இது குழுக் கடன்', 'இது முதலாளி டீசலுக்குப் போட்டது', 'இது மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாத்து'. குழுத் தீர்மான நோட்டு நகலையோ, முதலாளிகிட்ட நாலு வரி எழுதி வாங்கினதையோ சேத்து வைங்க. மேல ஒரு மனு. கடுதாசியில எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் கேட்டிருக்காங்களோ, அது மட்டும் கொடுத்தாப் போதும். உங்க வாழ்க்கைக் கணக்கு முழுசையும் கொட்டிக் காட்ட வேண்டியதில்ல. ஸ்டேட்மெண்ட்ல எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கட்டினீங்க, எவன்கிட்ட கடன் வாங்கினீங்கன்னு எல்லாமே இருக்கு, மறந்துடாதீங்க.

வங்கியில வாங்கும்போது கிளை முத்திரையும் கையெழுத்தும் கேட்டு வாங்குங்க. வங்கி சான்று கொடுத்த கணக்கு நகல் சாட்சியமா செல்லும்னு 1891-லயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுட்டுப் போயிட்டான். மொபைல்ல எடுத்த படம் அதுக்கு ஈடாகாது. ஆபீசுல கொடுக்கும்போது இன்னொரு நகல்ல 'பெறப்பட்டது'ன்னு தேதியோட முத்திரை வாங்குங்க. "அதெல்லாம் தர மாட்டோம்"னா வாக்குவாதம் வேண்டாம், விரைவுத் தபால்ல அனுப்பிட்டு ரசீதை வச்சுக்கங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுல மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்குது, அங்க கொடுத்தா மனு எண் கிடைக்கும்.

சிலருக்கு வங்கியே காணாமப் போயிருக்கும். சிரிக்காதீங்க, நிசம்தான். நம்ம சேலத்தைத் தலைமையிடமா வச்சிருந்த பல்லவன் கிராம வங்கி, 2019 ஏப்ரல் 1-ல பாண்டியன் கிராம வங்கியோட சேந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயிடுச்சு. 2020 ஏப்ரல் 1-ல சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோட, ஆந்திரா வங்கியும் கார்ப்பரேசன் வங்கியும் யூனியன் வங்கியோட போயிடுச்சு. கரூர் லட்சுமி விலாஸ் வங்கி அதே வருசம் நவம்பர்ல டி.பி.எஸ். வங்கியோட சேந்துச்சு. பழைய பாஸ்புக் வச்சிருக்கிறவங்க, பேரு மாறினாலும் பொறுப்பு புது வங்கிக்குத்தான்னு தைரியமாப் போய்க் கேளுங்க. பழைய கணக்கு எண் தெரிஞ்சாத் தேடறது சுலபம். அதுக்குத்தான் பழைய பாஸ்புக்கை அடுப்புல போடாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன்.

ரெண்டு வருசம் எடுக்காம போடாம இருந்தா கணக்கு முடங்கிப் போகும். ஆனா அரசாங்க உதவிப் பணத்துக்காக ஆரம்பிச்ச பூஜ்ஜிய இருப்புக் கணக்கை அப்படி முடக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. 2024 ஏப்ரல் 1-ல இருந்து அது நடைமுறை. முடங்கின கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணமும் வாங்கக் கூடாது. வாங்கினா எழுத்துல புகார் கொடுங்க. 30 நாளைக்குள்ள பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். 14448-க்குக் கூப்பிட்டா வழி சொல்வாங்க.

கடைசியா ஒரு எச்சரிக்கை. இந்தக் குழப்பத்துல மீன் பிடிக்கிறவங்க கிளம்பிட்டாங்க. "பி.எம். கிசான்ல இருந்து பேசறோம், ஸ்டேட்மெண்ட் சரி பாக்கணும், ஓ.டி.பி. சொல்லுங்க"ன்னு போன் வரும். வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வரும், தொட்டா போனே அவன் கைக்குப் போயிடும். எந்த ஆபீசும் போன்ல ஓ.டி.பி. கேக்காது. பணம் போயிடுச்சுன்னா யோசிக்காம உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க.

அப்பா விசயம் என்ன ஆச்சுன்னு கேக்கறீங்க. பூஜ்ஜிய வரித் தாக்கல் நகல், ரெண்டு வங்கி ஸ்டேட்மெண்ட், ஒரு மனு, எல்லாம் கொடுத்து முத்திரை வாங்கி வச்சிருக்கோம். 2025 நவம்பர்ல கோவையில வச்சு 21-வது தவணையை விட்டாங்க. அன்னைக்கும் அப்பா போனைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. வரல. நாங்க விடப் போறதில்ல.

வர்ற சனிக்கிழமை காலையில இதே இடத்துல நம்ம தம்பிங்க நாலு பேரு உக்காருவாங்க. கடுதாசி வந்தவங்க, தவணை நின்னவங்க, பாஸ்புக் எத்தனை இருந்தாலும் அத்தனையும் எடுத்துக்கிட்டு வாங்க. எந்தக் கட்சிக்காரங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. மனு எழுதித் தர்றது இலவசம், ஜெராக்ஸ் காசு மட்டும் உங்களது.