கிணற்றடிக்கு வரும் மீட்டர்

(மின்சார உரிமைப் பிரச்சாரக் கூட்டத்தில் சங்கத்தின் ஒன்றியச் செயலாளர் ஆற்றிய உரை)



துண்டறிக்கை கொடுத்துக்கொண்டு வரும்போது ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார். "ஏம்ப்பா, மீட்டர் வெச்சா என்ன கெட்டுப் போச்சு? கணக்குப் பாத்துக்கட்டுமே. காசு கேட்டாத்தானே தகராறு?" நியாயமான கேள்வி. இங்கே உட்கார்ந்திருக்கிற பலருடைய மனசிலும் இதுதான் இருக்கும். அதனால் வேறு எதையும் பேசாமல் இதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு மின்சாரம் விவசாயத்துக்குப் போகிறது என்று தெரிய வேண்டுமானால் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு மீட்டர் மாட்டினால் போதும். அதை யாரும் தடுக்கவில்லை. ஒவ்வொரு கிணற்றுக்கும் தனித்தனி மீட்டர் எதற்கு? தனித்தனியாக பில் போடத்தான். வேறு உபயோகம் அதற்குக் கிடையாது.

பில் வந்தால் எவ்வளவு வரும்? ஒரு ஹெச்.பி. என்றால் மணிக்கு முக்கால் யூனிட். 5 ஹெச்.பி. மோட்டார் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 22 யூனிட்டுக்கு மேல். மாதத்தில் 25 நாள் ஓட்டினால் 560 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2,800 ரூபாய். நெல் அறுக்கிற வரைக்கும் நாலு மாதத்துக்கு 11,200 ரூபாய். உழவுக்கூலி, உரம், ஆள்கூலி, அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் போக ஒரு போகத்தில் உங்கள் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை.

"முதலில் நீங்கள் கட்டுங்கள், அப்புறம் மானியத்தை உங்கள் வங்கிக் கணக்கில் போடுகிறோம்" என்பார்கள். கேஸ் சிலிண்டருக்கும் இதைத்தான் சொன்னார்கள். முழு விலை கொடுத்து வாங்கினோம், மானியம் கணக்கில் ஏறியது. 2020 மே மாதத்திலிருந்து சாதாரண இணைப்புக்கு அது நின்றே போனது. நிறுத்துகிறோம் என்று யாராவது தண்டோரா போட்டார்களா? பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தபோதுதான் நமக்கே தெரிந்தது. விலையைக் குறைத்துக் கொடுத்தால் அதைப் பிடுங்கும்போது ஊரே எழுந்து கேட்கும். கணக்கில் போடுகிற காசை ஓசைப்படாமல் நிறுத்திவிடலாம். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாதிக் கிணறுகளில் சர்வீஸ் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. குத்தகைக்கு ஓட்டுகிறவருக்கோ எந்தக் காகிதமும் இல்லை. யார் கணக்கில் பணம் விழும்? பெயர் மாற்ற இ.பி. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அவர்களைக் கேளுங்கள்.

சரி, இந்த யோசனை எங்கிருந்து வந்தது? எந்த விவசாயியும் கேட்கவில்லை. நமக்குப் பக்கத்து மாநிலமான ஆந்திராவில் என்ன நடந்தது என்று பார்த்தால் விளங்கும்.

அங்கே சந்திரபாபு நாயுடு முதலமைச்சராக இருந்தபோது, 1999-இல் 'விஷன் 2020' என்று ஒரு திட்ட அறிக்கை வெளியிட்டார்கள். மாநிலம் இருபது வருஷத்தில் எப்படி மாற வேண்டும் என்கிற அறிக்கை. அதைத் தயாரிக்க உதவியது மெக்கின்சி என்கிற அமெரிக்க ஆலோசனைக் கம்பெனி. விவசாயத்தை நம்பி வாழ்கிறவர்களின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைக்க வேண்டும் என்பது அதில் இருந்தது. எங்கே அனுப்புவார்கள் என்று அந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை. அதே 1999-இல் மின்வாரியத்தை உடைத்துத் தனித்தனிக் கம்பெனிகளாக்கினார்கள். இந்தச் 'சீர்திருத்தம்' செய்யத்தான் உலக வங்கி கடன் கொடுத்தது. மறு வருஷமே கட்டணம் ஏறியது. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். 2000 ஆகஸ்ட் 28-ஆம் தேதி ஐதராபாத்தில் சட்டமன்றத்தை நோக்கிப் போன ஊர்வலத்தின் மீது பஷீர்பாக்கில் போலீஸ் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள்.

2004 தேர்தலில் 294 தொகுதிகளில் ஆளுங்கட்சிக்குக் கிடைத்தது 47. மே 14-ஆம் தேதி பதவியேற்ற ராஜசேகர ரெட்டி அந்த மேடையிலேயே போட்ட முதல் கையெழுத்து விவசாயிகளுக்கு இலவச மின்சாரம். (அவருடைய மகன் ஆட்சியில்தான், 2020-இல், ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் ஆரம்பித்துப் பம்புசெட்டுக்கு மீட்டர் வைக்க முடிவெடுத்தார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.)

நம் தமிழ்நாட்டிலும் அதே காலத்தில் அதே கதைதான். நமக்கு இலவச மின்சாரம் யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. யூனிட்டுக்கு ஒரு பைசா, இரண்டு பைசா என்று ஏற்றியதை எதிர்த்து 1970 ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயம்புத்தூர் தெருக்களை மாட்டுவண்டிகளால் அடைத்தார்கள். அந்த வருஷம் ஜூலை 5-ஆம் தேதி மறுபடியும் துப்பாக்கிச் சூடு. அதன் பிறகுதான் 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் கலைஞர் ஆட்சியில் எல்லோருக்கும் கிடைத்தது.

2003-இல் அரசு கஜானா காலி, சிக்கனம் வேண்டும் என்று சொல்லி ஜெயலலிதா அம்மையார் அரசு அதை எடுத்தது. சிறு விவசாயிகளுக்கு மணியார்டரில் பணம் என்றார்கள். அதே சிக்கனத்தில்தான் ரேஷன் கார்டில் 'ஹெச்' முத்திரை குத்தினார்கள், வேலைநிறுத்தம் செய்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர், ஆசிரியர்களை ஒரே கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் 39 தொகுதியிலும் தோற்றார்கள். அந்த மாதமே இலவச மின்சாரம் திரும்பி வந்தது, 'ஹெச்' முத்திரையும் போனது. கஜானாவில் அதற்குள் எங்கிருந்து பணம் வந்தது என்று கேட்டுப் பாருங்கள்!

பணம் இல்லாமல் இல்லை. 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி மத்திய நிதியமைச்சர் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார். புதிய தொழிற்சாலைகளுக்கு 15 சதவீதம். இதனால் வருஷத்துக்கு 1 இலட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் போகும் என்று அவரே சொன்னார். அதை மானியம் என்று எந்தப் பேப்பரும் எழுதவில்லை, 'ஊக்கம்' என்று எழுதினார்கள். நமக்குக் கொடுத்தால் அது சலுகை, சோம்பேறித்தனம்.

அடுத்த வருஷமே கொரோனா. மாநிலங்கள் கையில் காசில்லாமல் நின்றபோது, கூடுதலாகக் கடன் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஒரு மாவட்டத்திலாவது விவசாய மின் மானியத்தை வங்கிக் கணக்கில் போடும் முறைக்கு மாற்ற வேண்டும் என்று மத்திய அரசு நிபந்தனை வைத்தது. ஆந்திரா தலையாட்டியது இதற்குத்தான். அன்றைய நம் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 2020 மே மாதம் எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதை நாம் மறக்கக் கூடாது. எழுதியவர் எந்தக் கட்சி என்பது நமக்கு இரண்டாம் பட்சம். 2021-லிருந்து நாலு வருஷத்துக்கு மறுபடியும் அதே மாதிரிக் கடன் ஆசை காட்டினார்கள். எத்தனை மீட்டர் வைத்தாய் என்பதற்கும் அதில் மதிப்பெண்! அன்றைக்கு உலக வங்கி ஆந்திராவுக்கு வைத்த நிபந்தனையை இன்றைக்கு நம் டெல்லி நமக்கே வைக்கிறது.

டெல்லி எல்லையில் 2020 நவம்பர் 26-லிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் குளிரிலும் வெயிலிலும் விவசாயிகள் உட்கார்ந்தார்களே, வேளாண் சட்டங்களோடு மின்சாரத் திருத்த மசோதாவையும் கைவிடு என்பது அவர்கள் கோரிக்கை. மூன்று சட்டங்களும் ரத்தாயின. மின்சார மசோதா பற்றி உங்களோடு பேசாமல் கொண்டுவர மாட்டோம் என்று 2021 டிசம்பர் 9-ஆம் தேதி எழுத்தில் கொடுத்தார்கள். எட்டு மாதம்தான். 2022 ஆகஸ்ட் 8-இல் மக்களவையில் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே நிலைக்குழுவுக்குப் போனது. 2025 அக்டோபரில் புதிதாக ஒரு வரைவு. ஒரே கம்பி வழியாகப் பல கம்பெனிகள் மின்சாரம் விற்கலாம் என்கிறது. தொழிற்சாலைகள் நமக்காகக் கூடுதலாகக் கட்டுகிற பங்கை ஐந்து வருஷத்தில் நிறுத்த வேண்டும் என்கிறது. தனியார் கம்பெனி வந்தால் டவுனையும் ஆலைகளையும் பிடித்துக்கொள்ளும். காட்டுக்குள் இருக்கிற உங்கள் 5 ஹெச்.பி. மோட்டார் வாரியத்தின் தலையில். மானியம் கொடுக்கலாம், ஆனால் மாநில அரசு முன்பணமாகக் கட்ட வேண்டும். கட்ட முடியாத வருஷம் பில் யார் வீட்டுக்கு வரும்?

தமிழ்நாட்டில் 20 இலட்சத்துக்கும் மேல் இலவச இணைப்பு இருக்கிறது. 'இலவசம் தொடரும்' என்று மேடைகளில் சொல்கிறார்கள். நல்லது, அதையே சட்டமன்றத்தில் தீர்மானமாகப் போடட்டும் என்பதுதான் சங்கத்தின் கோரிக்கை.

இனி செய்ய வேண்டியது. மீட்டர் சம்பந்தமாக யார் எந்தப் படிவம் கொண்டுவந்தாலும், லைன்மேன் நம் தெருப் பையனாக இருந்தாலும், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவரிடம் சண்டைக்கும் போகாதீர்கள், அவர் வேலையும் இந்தச் சட்டத்தில்தான் போகப் போகிறது. படிவத்தைக் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் எழுத வேண்டும். மாதிரித் தீர்மானம் இந்த நோட்டீசின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறோம். சர்வீஸ் அட்டையும் பழைய ரசீதும் வைத்திருப்பவர்கள் ஜெராக்ஸ் எடுத்து இன்றைக்கே மேசையில் கொடுத்துவிட்டுப் போங்கள். பெயர் மாற்றம் ஆகாதவர்கள் பட்டியலைத் தனியாக எழுதுகிறோம், அதில் உங்கள் சர்வே எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.