எங்கள் கூட்டத்துக்கு யார் வரவில்லை?

(சமாசத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு மேடையில் கதைத்துப் பழக்கமில்லை. எங்கட சங்கத்தின் கணக்குக் கொப்பியை வாசித்துத்தான் பழக்கம். அதனால் அந்தக் கொப்பியில் இருக்கிற ஒரு கணக்கையே இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

கூட்டத்துக்கு வராதவர் இருபது ரூபா தண்டப்பணம் கட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. 2016ஆம் ஆண்டுக் கொப்பியை எடுத்துப் பார்த்தால் ஒரு அக்காவின் பெயருக்கு நேரே பதினொரு தரம் இருபது, இருபது எண்டு எழுதியிருக்கு. மொத்தம் 220 ரூபா. எழுதினது நான்தான். அந்த அக்கா ஒவ்வொரு முறையும் சேமிப்புக் காசோடு தண்டக் காசையும் சேர்த்து மகளிடம் குடுத்து விடுவா. ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை.

அவா 2009இல் செல் பட்டு முள்ளந்தண்டில் காயப்பட்டவா. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறா. நாங்கள் கூட்டம் வைக்கிற பொதுநோக்கு மண்டபத்துக்கு இரண்டு படி ஏற வேண்டும். முதல் கூட்டத்துக்கு வந்த நேரம் நாலு பேர் நாற்காலியோடு தூக்கினோம். சரிந்து உடுப்பு விலகி, எல்லாரும் பார்க்க ஒரு மாதிரியாய்ப் போய்விட்டது. அதுக்குப் பிறகு அவா வரேல்லை. ஏன் எண்டு ஒருவரும் போய்க் கேக்கவும் இல்லை. படி இருந்தது எங்கட மண்டபத்தில். தண்டம் கட்டினது அவா.

நாங்கள் கெட்ட ஆக்கள் எண்டு சொல்ல வரவில்லை. சண்டை முடிந்து முகாமுக்குப் போய், பிறகு மீள்குடியேறி வந்த காலத்தை யோசித்துப் பாருங்கோ. மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. வந்த இடத்தில் வீடில்லை, கிணறு பாழ், காணி முழுக்கப் பற்றை. அவரவர் பாடே பெரும்பாடு. வீட்டுத்திட்டம் வந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா தந்தார்கள். ஆனால் அந்தக் காசு ஒரேயடியாக வரவில்லை. அத்திவாரம் முடித்தால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் ஒரு பகுதி எண்டு கட்டம் கட்டமாக வந்தது. கல்லும் மண்ணும் சுமக்க ஆள் இருந்த வீடு கெதியாய் எழும்பியது. ஆள் இல்லாத வீட்டுக்கு அடுத்த பகுதிக் காசும் பிந்தியது. திட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். ஆனால் காயப்பட்ட ஆக்கள் அந்த இடத்திலேயே பின்னுக்கு நிண்டுவிட்டினம். எங்கட சங்கமும் அதையேதான் செய்தது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 8.7 பேர் ஏதோ ஒரு இயலாமையோடு வாழ்கிறார்கள். எங்கட சங்கத்தில் அறுபது உறுப்பினர். நாடு முழுவதுக்குமான அந்தக் கணக்கை வைத்தாலே ஐந்து பேராவது இருக்க வேண்டும். எங்கட கொப்பியில் இருந்தது ஒரே ஒருவர். அவாவும் கூட்டத்தில் இல்லை.

ஒருநாள் மகளுக்குப் பரீட்சை. காசு கொண்டு வர ஆளில்லை. நான் வாங்கப் போனேன். அக்கா காசைத் தந்துவிட்டுக் கேட்டா, "தங்கச்சி, அடுத்த கூட்டத்தை உங்கட முத்தத்தில வைக்கேலாதோ?" அவ்வளவுதான் கேட்டா. எனக்கு மறுமொழி வரேல்லை.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "ஒருத்திக்காக எல்லாரும் இடம் மாற வேணுமோ?" எண்டும் கேட்டவை இருக்கினம். ஆனாலும் கூட்டம் எங்கட முத்தத்து மாமரத்துக்குக் கீழ் வந்தது. பிறகு சிரமதானம் செய்து மண்டபத்துக்குச் சாய்தளம் கட்டினோம். முதலில் மேசன் நாலு அடி நீளத்தில் கட்டினார். நாற்காலியைத் தள்ளினால் பின்னுக்குப் பிரண்டது. இடித்துவிட்டுத் திரும்பக் கட்டினோம். சகோதரிகளே, இதை நல்லாய்க் கவனியுங்கோ. ஒரு அங்குலம் உயர்வதற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். எங்கட இரண்டு படியும் சேர்ந்து ஒரு அடி. அதனால் பன்னிரண்டு அடி நீளம். இன்றைக்கு அதில் முழங்கால் நோவுள்ள அம்மாமார் ஏறுகினம், வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறவை ஏறுகினம்.

சாய்தளம் கட்டினதோடு எல்லாம் சரி எண்டு நினைத்தோம். அடுத்த மாதம் அக்கா கடன் கேட்டா. படலையடியில் சின்னக் கடை போட 30,000 ரூபா. அதுக்கு இரண்டு பேர் பிணை நிற்க வேணும். ஒருவரும் வாய் திறக்கேல்லை. "நடக்கேலாதவா எப்பிடிக் கட்டுவா?" எண்டு பின்னால் ஒரு குரல். இரண்டு காலும் நல்லாய் இருந்தும் இரண்டு தரம் தவணை தவறினவைக்கு முன்பு பிணை நிண்டனாங்கள். அவாவுக்கு மட்டும் யோசித்தோம். நானும் தலையைக் குனிந்து கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு வயதான அம்மாவும் தலைவியும்தான் கையொப்பம் வைத்தார்கள்.

ஏழு தவணை ஒழுங்காய்க் கட்டினா. பிறகு படுக்கைப்புண் வந்து ஆசுப்பத்திரியில் கிடந்தா. இரண்டு மாதம் கட்டவில்லை. "சொன்னனாங்கள்தானே" எண்டு கதை கிளம்பியது. அப்ப பிணை நிண்ட அம்மா எழும்பிக் கேட்டா, "பிள்ளைப்பேறு எண்டால் மூன்று மாதம் தவணை விடுறம். இதுக்கு ஏன் விடேலாது?" நாங்கள் விதியை மாற்றி எழுதினோம். எந்த உறுப்பினர் ஆசுப்பத்திரியில் இருந்தாலும் மூன்று மாதத் தவணை. அடுத்த வருசம் எனக்கு ஒப்பரேசன் நடந்தபோது அந்த விதி எனக்கும் உதவியது. அக்கா கடனை மூன்று மாதம் பிந்தி முழுதாகக் கட்டி முடித்தா. இப்ப எங்கட கடன் குழுவில் இருக்கிறா. கடன் கேட்டு வாறவையிடம் எங்களை விடக் கடுமையாய்த்தான் கேள்வி கேக்கிறா.

இது சலுகை இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. போரிலும் அனர்த்தத்திலும் அவர்களின் பாதுகாப்பை அரசு உறுதி செய்ய வேண்டும் என்று அதன் 11ஆவது உறுப்புரை சொல்கிறது. சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லிப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம், கேட்க வேணும். ஆனால் எங்கட மண்டபத்தையும் எங்கட விதியையும் மாற்ற ஒருவரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

உங்களிடம் மூன்று விசயம் கேட்கிறேன்.

ஒன்று, ஊருக்குப் போய் உங்கட கொப்பியைப் பாருங்கோ. வராதவை ஏன் வரேல்லை எண்டு வீட்டுக்குப் போய்க் கேளுங்கோ. எல்லாக் காயமும் கண்ணுக்குத் தெரியாது. செல் சத்தத்தில் காது மந்தமானவை பின்வரிசையில் இருந்து தலையாட்டுவினம். உடம்புக்குள் சன்னத்தோடு இருக்கிறவை பாரம் தூக்க மாட்டினம். நாங்கள் சோம்பல் எண்டு சொல்லுவம். இயலாத பிள்ளையை வீட்டில் விட்டுவர முடியாத தாயும் இருக்கிறா.

இரண்டு, எங்கே, எப்படிக் காயப்பட்டது எண்டு விசாரிக்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பயந்தே வெளியில் வராத பெண்கள் இருக்கினம். சண்டைக்கு முன்பே, பிறவியிலேயே இயலாமல் இருக்கிறவையையும் மறக்க வேண்டாம்.

மூன்று, அவைக்காக நாங்கள் முடிவெடுக்காமல் அவையையே கேட்போம். சாய்தளத்தைக் கட்ட முதல் அக்காவைக் கேட்டிருந்தால் இரண்டு தரம் கட்டியிருக்கத் தேவையில்லை.

கடைசியாக அந்த 220 ரூபாவுக்கு என்ன நடந்தது எண்டும் சொல்ல வேணும். கூட்டத்தில் முடிவெடுத்துத் திருப்பிக் குடுத்தோம். வேண்டாம், சங்கத்துக்கே இருக்கட்டும் எண்டு சொல்லுவா எண்டு நினைத்தேன். அக்கா வாங்கி, ஒவ்வொரு தாளாய் எண்ணிப் பார்த்து, சரி எண்டு கொப்பியில் கையொப்பம் வைத்தா. நல்லாய்ச் செய்தா. அது அவாவின் காசு.